வாழப்பாடியில் ஓர் உரக்கடை: நஞ்சை நஞ்சு என்றே சொல்லி விற்கிறார்கள்

வாழப்பாடி பக்கம் நல்ல உரக்கடை எது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டதால் வழி மட்டும் சொல்கிறேன். பேருந்து நிலையத்தில் இறங்கி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தால் தீவனக் கடைகள் வரும், அவற்றைத் தாண்டி பச்சை ஷட்டர் போட்ட சின்னக் கடை, வாசலில் தெளிப்பான் டேங்குகள் தொங்கும். உரம், விதை, பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எல்லாம் இருக்கிறது. விலை மற்ற கடைகளில் உள்ளதுதான், பில் கேட்காமலே தருகிறார்கள். இதெல்லாம் வேறு கடையிலும் கிடைக்கும். நான் பக்கத்தில் இருக்கிற கடையை விட்டுவிட்டு இங்கே வருவதற்குக் காரணம், இந்தக் கடையில் யாரும் பூச்சிக்கொல்லியை 'மருந்து' என்று சொல்வதில்லை. 'நஞ்சு' என்றுதான் சொல்கிறார்கள், வாங்க வருகிறவர்களையும் அப்படியே சொல்ல வைக்கிறார்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்று தோன்றலாம். நம் ஊரில் எதெல்லாம் மருந்து என்று யோசித்துப் பாருங்கள். பூச்சி மருந்து, களை மருந்து, எலி மருந்து, எறும்பு மருந்து, கரையான் மருந்து, குருணை மருந்து. தோட்டத்தில் தெளிப்பதற்குப் பெயர் 'மருந்து அடிக்கிறது'. அதை விற்கிற கடை மருந்துக்கடை. மனிதனுக்கு மாத்திரை வாங்குகிற கடையை நாம் மெடிக்கல் என்று பிரித்துச் சொல்லப் பழகிவிட்டோம். ஒரு ஊரில் 'மருந்து குடிச்சுட்டாங்களாம்' என்று செய்தி வந்தால் யாரும் இருமல் மருந்து என்று நினைப்பதில்லை, உடனே ஓடுகிறோம். ஆக அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறோம். பயிருக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்க்கிறோம் என்ற எண்ணத்தில் வந்த பெயர் இது, அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் மருந்து என்றால் கை கூசாமல் தொடுகிறோம், சமையல்கட்டு அலமாரியில் வைக்கிறோம், மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம், 'கொஞ்சம் சேர்த்து ஊத்துனா நல்லா கேக்கும்' என்று டோஸ் ஏற்றுகிறோம். நஞ்சு என்று சொன்னால் இதில் ஒன்றைக்கூடச் செய்ய மனசு வராது.

இந்தப் பழக்கம் பூச்சிக்கொல்லிக்குப் பின்னால் வந்ததும் இல்லை. வசியம் பண்ணவோ கெடுதல் செய்யவோ சாப்பாட்டில் கலந்து கொடுப்பதற்கு 'இடுமருந்து' என்று பெயர், 'அவளுக்கு யாரோ மருந்து வெச்சுட்டாங்க' என்று இன்னும் பேசுகிறோம். வெடிக்கிற பொடிக்கும் வெடிமருந்து என்றுதான் பெயர். அந்தச் சொல்லுக்குள் ஆளைத் தூக்கி நிறுத்துவதும் இருக்கிறது, சாய்ப்பதும் இருக்கிறது. குறளில் 'சாவா மருந்து' என்று அமிழ்தத்தைச் சொல்வார்கள், அதே சொல் இன்று களைக்கொல்லி பாட்டிலுக்கு வந்து நிற்கிறது. இந்தக் கடைக்காரர் அந்தக் குழப்பத்தைத் தன் கல்லாவோடு நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்கிறார், அது சரியென்றே எனக்கும் படுகிறது.

எப்படிச் செய்கிறார் என்று நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆயா, கத்தரிக்கு காய்ப்புழு விழுந்துவிட்டது, 'போன தடவ குடுத்த அந்த மருந்தே குடு கண்ணு' என்று வந்தார். அண்ணன் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடவில்லை. பாட்டிலைத் திருப்பி, அதில் ஒரு மூலை கீழே பார்த்தபடி நிற்கிற சதுரத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். "ஆயா, இதுல கீழ் பாதி என்ன கலர்?" "மஞ்ச." "மஞ்சன்னா என்னன்னு போன தடவ சொன்னேன்?" ஆயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நஞ்சு" என்றார். "அவ்வளவுதான். மேல நஞ்சுன்னு எழுதியிருக்கு, உங்களுக்குப் படிக்கத் தெரியலைன்னாலும் மஞ்சளைப் பார்த்தா தெரியணும். பேரப்பிள்ளைங்க இருக்கிற வீடு." அப்புறம் மூடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, தடித்த மார்க்கர் பேனாவால் பெரிதாக நஞ்சு என்று எழுதி, கீழே டேங்குக்கு எத்தனை மூடி என்பதற்குப் புள்ளிகள் வைத்தார். பாட்டிலை ஒரு கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, ஆயா கொண்டு வந்த பையில் ரவைப் பொட்டலம் இருந்ததால் அதில் வைக்கவிடாமல் தனியாகக் கையில் கொடுத்தார். இவ்வளவும் வரிசையில் ஆள் நிற்கும்போது நடந்தது.

அந்தச் சதுரத்தைப் பற்றித் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1968-ல் வந்த பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ், 1971 விதிகளின்படி இந்தியாவில் விற்கிற ஒவ்வொரு பாட்டிலிலும் பாக்கெட்டிலும் அது இருந்தாக வேண்டும். கீழ் முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மேலே மண்டையோடும் எலும்பும் போட்டு நஞ்சு என்று எழுதியிருக்கும். மஞ்சளில் மண்டையோடு இருக்காது, ஆனால் நஞ்சு என்ற எச்சரிக்கை உண்டு. நீலத்துக்கு 'அபாயம்', பச்சைக்கு 'எச்சரிக்கை'. சோதனை எலிகளில் பாதியைக் கொல்ல உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் உள்ளே போக வேண்டும் என்ற கணக்கில்தான் இந்த நிறம் முடிவாகிறது: சிவப்பு 1 முதல் 50 வரை, மஞ்சள் 51 முதல் 500 வரை, நீலம் 501 முதல் 5000 வரை, அதற்கு மேல் பச்சை. பச்சை என்றால் இயற்கை என்று எங்கள் ஊரில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. பச்சையும் நஞ்சுதான், அளவு அதிகம் வேண்டும், அவ்வளவே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இந்தக் கணக்கைத்தான். இந்த நான்கு நிறத்தையும் ஒரு அட்டையில் வரைந்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள், மாட்டி வைத்ததோடு நிற்காமல் அதைக் காட்டியே பேசுகிறார்கள்.

'விஷம்னு சொல்லலாமே, எல்லாருக்கும் புரியுமே' என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். "விஷம்னா நம்ம ஆளுங்களுக்குப் பாம்பும் தேளும்தாண்ணா ஞாபகம் வரும். கடிச்சாத்தான் ஏறும்னு நினைப்பாங்க. இது தோல்ல பட்டாலே ஏறும்" என்றார். கேட்டதும் சரியாகத்தான் பட்டது. விஷக்கடி, விஷப்பூச்சி, விஷக்காய்ச்சல் என்று அந்தச் சொல் வெளியிலிருந்து வந்து தாக்குகிறவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'விலைவாசி விஷம்போல் ஏறுது' என்பதிலும் ஏறுகிற வேகம்தான் முன்னால் வருகிறது. 'அவ பேச்செல்லாம் வெஷம்' என்று தினமும் ஒரு தடவையாவது யாராவது சொல்லிவிடுகிறோம், அதனால் சொல்லுக்கு இருந்த கூர்மையும் கொஞ்சம் மழுங்கிவிட்டது. நஞ்சு அப்படி வாயில் புழங்குவதில்லை. கடையில் வைத்து அதைச் சத்தமாகச் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்க்கிறார்.

இரண்டு சொற்களும் வந்த வழி வேறு வேறு. விஷம் வடமொழிச் சொல், செய்யுளில் விடம் என்று ஆகும். லத்தீனில் நஞ்சுக்கும் பிசுபிசுத்த நீருக்கும் 'வைரஸ்' என்று பெயர், விஷமும் அதுவும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. பிற்காலத்தில் கிருமிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், நாம் அதைத் தமிழில் நச்சுயிரி என்று ஆக்கியபோது பழைய பொருள் திரும்பவும் உள்ளே வந்துவிட்டது. நஞ்சு நம் பக்கத்துச் சொல். மலையாளத்திலும் கன்னடத்திலும் இருக்கிறது, கன்னடத்தில் புண் சீழ் வைத்துக் கெட்டுப்போனாலும் நஞ்சு என்பார்கள். சேலத்தில் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற நெசவுக் குடும்பங்கள் எத்தனையோ இருப்பதால், இந்தச் சொல்லைச் சொன்னால் அவர்களுக்கும் விளக்கம் வேண்டியதில்லை. மருந்து 'மருத்து' ஆகி மருத்துவம் வருகிற மாதிரியே நஞ்சு 'நச்சு' ஆகி நச்சுப்பல், நச்சுப்பாம்பு, நச்சுப்புகை வருகிறது. ஆனால் 'நச்சுதல்' என்றால் விரும்புதல் என்று பழந்தமிழில் ஒரு வினை இருக்கிறது, அது வேறு சொல். வயலைச் சொல்கிற நஞ்சையும் வேறு, அது நன்செய், நல்ல நிலம். 'நஞ்சை நிலம்னா நஞ்சு அடிச்ச நிலமா' என்று கடைக்காரரின் பையன் கேட்டானாம், அதிலிருந்து அவர் இதையும் சேர்த்துச் சொல்கிறார்.

நஞ்சு கெட்ட சொல் என்று நம்மவர்கள் ஒதுக்கி வைக்கவும் இல்லை. ஆலகாலத்தை உண்டு தொண்டையில் நிறுத்தியவன் என்பதால் சிவனுக்கு நஞ்சுண்டன் என்று பெயர், மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூடு அந்தப் பெயரில்தான் ஊராகியிருக்கிறது, கொங்குப் பக்கமும் தருமபுரிப் பக்கமும் நஞ்சப்பன், நஞ்சம்மாள் என்று பெயர் வைக்காத ஊர் குறைவு. குழந்தை பிறந்தால் பின்னால் விழுவது நஞ்சுக்கொடி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நற்றிணையில், நண்பர்கள் கொடுத்தால் நாகரிகமானவர்கள் நஞ்சையும் உண்பார்கள் என்று ஒரு பாட்டு வருகிறது, குறளிலும் அதே கருத்து உண்டு. அதாவது நஞ்சு என்று பெயர் சொல்லி, இன்னது என்று தெரிந்து, அதோடு வாழ்ந்திருக்கிறார்கள். கடையில் விற்கிற சரக்குக்கே பெயரை மறைத்து வைத்தது நம் காலத்துப் பழக்கம்தான்.

பெயரை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. எண்ணெய் போலத் தெரிகிற திரவம், சமையலுக்கு வைத்திருந்த பாத்திரம். எங்கள் உறவிலேயே ஒருவர் வெளியூர்க் கடையில் கால் லிட்டர் உதிரியாக வாங்கி, அவர்கள் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மூடியைத் திறந்துவிட்டது. வாடை அடித்ததால் குடிக்கவில்லை. வாடை இல்லாத சரக்காக இருந்திருந்தால் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இந்தக் கடையில் உதிரி விற்பனை கிடையவே கிடையாது. சீல் உடைக்க மாட்டார், எவ்வளவு கெஞ்சினாலும். சின்னப் பிள்ளைகளை அனுப்பினால் கொடுக்க மாட்டார். எந்தப் பயிருக்கு, எவ்வளவு இடம் என்று கேட்காமல் பாட்டில் மேஜைக்கு வராது. கடை சாத்துகிற நேரத்தில் தனியாக வந்து பயிர் பெயர் சொல்லத் தெரியாமல் நிற்கிறவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல்லிப் போன் போடுகிறார். இதற்கு மேல் ஒரு கடைக்காரரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லித் தருகிறார், இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். தவறி உள்ளே போய்விட்டாலோ, அடிக்கும்போது மயக்கம் வந்தாலோ, வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் கொடுத்து நேரத்தைப் போக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். போகும்போது அந்தப் பாட்டிலையோ, கூட வருகிற மடித்த தாளையோ கையோடு எடுத்துப் போக வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டர் என்ன ஊசி என்று முடிவு பண்ண முடியும். மோனோகுரோட்டோபாஸ் சேர்ந்த ஆர்கனோபாஸ்பேட் வகைக்கும் கார்பமேட் வகைக்கும் அட்ரோபின் ஊசி போடுவார்கள், மற்ற வகைகளுக்கு அது பொருந்தாது. ஆஸ்பத்திரியில் 'என்ன சாப்பிட்டார்' என்று கேட்டால் 'மருந்து' என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்பதில் அர்த்தமே இல்லை. தாளில் தமிழும் இருக்கும், ஆனால் கம்பெனிக்காரர்கள் அந்த எழுத்தைக் கடுகு அளவுக்குப் போட்டிருக்கிறார்கள், மாற்று மருந்து பற்றிய வரியை அண்ணன் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டுக் கொடுக்கிறார்.

எனக்கு இந்தக் கடைமேல் முழு நம்பிக்கை வந்தது மரவள்ளி விஷயத்தில். 2020-ல் வந்த புது மாவுப்பூச்சியால் எங்கள் பக்கம் குச்சிக்கிழங்குக் காடெல்லாம் நுனி சுருண்டு கொத்துக் கொத்தாக நின்றது, ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு கொடுத்துப் பிழைக்கிற ஊர், எல்லோரும் கண்ட கண்ட சரக்கைக் கலந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு கடையில் எனக்கு டானிக்கோடு சேர்த்துப் பை நிறைய பாட்டில் கட்டிக் கொடுத்தார்கள். இங்கே வந்து கேட்டபோது, "நஞ்சு வேண்டாம்ணா, ஏத்தாப்பூர் போங்க" என்றார். ஏத்தாப்பூரில் இருக்கிற மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் இந்த மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து அதை அழிக்கிற ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் விட்டார்கள், அனகைரஸ் லோபெஸி என்று பெயர். தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன இதே குளவிதான் 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது, அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. "நீங்க நஞ்சடிச்சா முதல்ல சாகறது அந்தக் குளவிதான். மாவுப்பூச்சிக்கு மேல மெழுகு இருக்கு, தப்பிச்சுக்கும்." விற்றால் லாபம் வருகிற இடத்தில் இப்படிச் சொல்ல மனசு வேண்டும். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பார்க்கிற இரண்டு பயிரிலும் நஞ்சு உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார்: மரவள்ளி இலையிலும் தோலிலும் சயனைடு விடுகிற சத்து இருக்கிறது, அதனால்தான் பச்சை இலையை மேய்ந்த ஆடு சுருண்டு விழுகிறது, ஆமணக்குக் கொட்டையில் இருப்பது ரிசின். நம் காட்டில் நாமே வளர்க்கிறதற்குள் இருப்பதையும் பெயர் சொல்லித் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்களும் இங்கே வருகிறார்கள். காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கிற வண்டுக்கு லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியைப் பூசிப் பழகிய பெரியவர்கள் இன்னும் அதைக் கேட்கிறார்கள், விவசாயத்துக்கு அது 2013-லேயே தடையானது. தடையான எதையும் 'பழைய ஸ்டாக்' என்று சொல்லி மேஜைக்கு அடியிலிருந்து எடுக்கிற வேலை இங்கே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரிடமும் இவ்வளவு பேசுவதால் சந்தை நாளில் நிற்க இடமிருக்காது, அவசரமாகப் போகிறவர்கள் சலித்துக்கொண்டே வேறு கடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கூட ஒரு ஆளைப் போட்டால் நல்லது. கையுறை, முகமூடி வைத்திருக்கிறார்கள், ஆனால் ஒரே அளவு, பெண்கள் கைக்குத் தொளதொளவென்று இருக்கிறது. தெளிக்கிற வேலையில் பெண்களும் இருக்கிறார்கள், அவர்கள் அளவுக்கும் வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா மாதிரி பயிர் நோயைக் கட்டுப்படுத்துகிற நுண்ணுயிர்ப் பாக்கெட்டுகள் பல நேரம் தீர்ந்துபோய்விடுகின்றன, நஞ்சு வேண்டாம் என்று சொல்கிற கடையில் இவை எப்போதும் இருக்க வேண்டாமா? உரத்துக்குக் கடன் உண்டு, பூச்சிக்கொல்லிக்குக் கிடையாது. சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதை வாயால் சொல்கிறார், அதையும் ஸ்டிக்கரில் எழுதிக் கொடுத்தால் தக்காளி, கத்தரி போடுகிறவர்களுக்கும், அதை வாங்கிச் சாப்பிடுகிற சேலம் டவுன்காரர்களுக்கும் ரொம்ப உதவியாக இருக்கும்.

போகிறவர்கள் பூச்சி விழுந்த இலையையும் காயையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், போனில் போட்டோ காட்டினால் அவர் ஒத்துக்கொள்வதில்லை. மதியம் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள், காலையில் கடை திறந்ததும் போனால் நின்று பேச நேரம் கிடைக்கும். பாட்டில் வைக்க வீட்டிலிருந்து தனிப் பை கொண்டு போங்கள்.